மூத்தவளின் பறவைகள்

செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுவதைப் போல வம்பான காரியம் வேறு கிடையாது. உயிரோடு இருப்பவள் என்றால் எதிரே போய் நின்று சண்டை போடலாம். அவள் சமையலைக் குறை சொல்லலாம். அவளுக்கும் தலை நரைக்கிறதா என்று பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்படலாம். செத்தவளுக்கு வயதாகாது, அவள் வைத்த குழம்பு ஒருநாளும் உப்புக் கரிக்காது. என் கணவரின் முதல் மனைவி, மூத்தவள், அப்படி எனக்கு வாய்த்தாள். நான் அவரைக் கட்டிக்கொண்டு மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறியபோது அவள் காய்ச்சலில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம் என்றுதான் சொல்லுவேன்.

அவர் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதிகம் பேசாத மனிதர். சீட்டாட மாட்டார், கள்ளுக்கடைப் பக்கம் போக மாட்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பறவைகள். ஏலத்தில் எடுத்த பழைய தூரக்கண்ணாடி ஒன்றும், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன படப் புத்தகம் ஒன்றும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளப் போவார்கள். இவர் செங்கல் சூளைக்கு மண் எடுத்துப் பள்ளமாகிப்போன குட்டைகளின் கரையில் போய்க் குந்தியிருப்பார். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் இவ்வளவு நேரம் ஒதுக்குகிற மனிதர் பெண்டாட்டிக்கு ஏன் ஒதுக்க மாட்டேன் என்கிறார் என்று நான் முதல் வருஷம் முழுவதும் முணுமுணுத்தேன். பறவைகள் மேல்கூடக் கோபம்தான். ஆனால் அது பெரிய கோபம் இல்லை. பெரிய கோபத்துக்குக் காரணம் கிள்ளானில் இருந்தது.

கிள்ளானில் அவருடைய அக்கா இருந்தார். புருஷனுக்குத் துணிக்கடை, வாய்க்கு வெற்றிலை, பேச்சுக்கு மூத்தவள். நான் எதைச் செய்தாலும் அதை மூத்தவள் எப்படிச் செய்வாள் என்று சொல்ல அவருக்கு ஒரு கதை இருக்கும். கோலம் போட்டால் அவள் கோலம், ஊறுகாய் போட்டால் அவள் ஊறுகாய். இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது பறவைக் கதை.

"உனக்கென்னம்மா தெரியும்?" என்று ஒருநாள் ஆரம்பித்தார். "வருஷா வருஷம் தை மாசம் ரெண்டு பேரும் இங்க வந்து எறங்குவாங்க. காலையில சதுப்புக்குப் போனா சாயங்காலம் முட்டி வரைக்கும் சேத்தோட வருவாங்க. அவ கண்ணு பருந்துக் கண்ணு. இவன் கண்ணாடிய எடுக்கறதுக்குள்ள அவ பாத்துடுவாளாம். அப்படி ஒரு ஜோடி."

ஜோடி என்ற அந்தச் சொல்தான் என்னை வதைத்தது. சமையலில் தோற்கலாம், கோலத்தில் தோற்கலாம். என் கணவரின் மனசு எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கே ஒருத்தி முன்னாலேயே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் நான் எங்கே போவது?

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் ஆபீஸ் போனதும் அடுப்படி வேலையை முடித்துவிட்டு அந்தப் படப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். இங்கிலீஷ் எனக்கு ஓரெழுத்துகூடத் தெரியாது. படங்கள் போதும். அலகு நீளமா குட்டையா, கால் மஞ்சளா கறுப்பா, பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டேன். துணி உலர்த்தப் போகும்போது குட்டைப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எனக்கு முட்டுவலி, அதனால்தான் நின்று நின்று நடக்கிறேன் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில் தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் எதையும் கண்டுபிடித்துவிடுகிற அளவுக்குத் தேறினேன். ஒருநாள் அவரோடு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, "அதோ, அந்த முருங்கை மரத்துல ஒண்ணு மறைஞ்சு நிக்குது பாருங்க" என்று காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பாக்கறே" என்றார். அவ்வளவுதான். மூத்தவளைவிடவா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்கு வேறு மாதிரி கிடைக்க வேண்டும் என்று இருந்தேன்.

அவர் ஒவ்வொரு வருஷமும் சதுப்புக்குப் போனது ஒரே பறவைக்காக. மலாய்க்காரர்கள் அதைக் கெண்டி என்பார்கள். பெரிய கோழி அளவு, மண் நிறம், கெண்டி மூக்கைப் போலவே நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. வடக்கே எங்கோ பனி கொட்டி மண்ணெல்லாம் கல்லாகிவிடுமாம். தின்ன ஒரு புழுகூடக் கிடைக்காமல் அவை கடல் தாண்டி இங்கே வந்து, குளிர்காலம் முடியும்வரை நம் சேற்றில் பிழைத்துவிட்டுப் போகுமாம். இதை மட்டும் அவர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோதே, இதே விளக்கத்தை அவளுக்கும் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு வந்து பாதி கதை காதில் விழவில்லை.

அந்தத் தை மாதம் நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். அதற்கு முன் வருஷங்களில் அவர் சதுப்புக்குத் தனியாகப் போவார். நான் கிள்ளானில் நாத்தனார் வீட்டில் மூத்தவளுக்கு வைக்கிற படையலுக்கு உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் மறுத்துப் பேசத் தெரியாதவர். உடன் வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் மோட்டார் கார் இரவல் கேட்டார். அந்த மனிதர் காரைக் கொடுத்ததைவிட அதிகமாகப் புத்திமதி கொடுத்தார். பள்ளத்தில் விடாதே, ஏற்றத்தில் மிதிக்காதே, மழையில் நிறுத்தாதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நடந்தே போய்விடலாம் என்றிருந்தது. பறவை பார்க்கப் போகிறவர்கள் பளிச்சென்று உடுத்தக்கூடாது என்று என் கணவர் சொல்லியிருந்ததால், அதற்கென்றே வாங்கி வைத்த மங்கலான பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்றபோது ஊறப்போட்ட இலை மாதிரி இருந்தேன். அதுவே திருப்தியாக இருந்தது.

விடிந்தும் விடியாததுமாகப் புறப்பட்டோம். பங்சார் ரப்பர்க் காடு முடிந்து, பெட்டாலிங் தாண்டி, பத்து தீகா என்ற ஊர் வருவதற்குள் அவருக்கு முன்னால் நான் கண்டு சொன்னவை எத்தனை என்று எனக்கே நினைவில்லை. அவர் சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது, நான் மரத்தைப் பார்த்தேன், அதனால் அது அவ்வளவு நியாயமான போட்டி இல்லைதான். ஆனாலும் ஒரு திருப்பத்தில், கழுகு ஒன்று மொட்டை மரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததை நான் காட்டியபோது அவர் காரை நிறுத்தியே விட்டார்.

"எப்படிப் பாத்த? எனக்கு மரமே தெரியல," என்றார்.

"கண்ணு இருக்குல்ல," என்றேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். காரைக் கிளப்பினார்.

கிள்ளானில் நாத்தனார் வீட்டில் படையல் ஏற்பாடாகியிருந்தது. வட ஆற்காட்டுப் பக்கத்து வழக்கம் அது. சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், பூ எல்லாம் வைத்து, பொங்கலும் வடையும் படைத்துக் கற்பூரம் காட்டியபின், அந்தச் சேலையை வீட்டுக்கு வந்த பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். அதாவது நான். வருஷா வருஷம் அவளுக்கு எடுத்த சேலையை நான் கட்டிக்கொண்டு நிற்பேன். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, கண் கலங்கி, "அவளே வந்து நிக்கற மாதிரி இருக்கு" என்பார். எனக்கு அந்தச் சேலைக்குள் தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் எடுத்திருந்தது குங்குமச் சிவப்பு. அத்தனை சிவப்பை நான் கல்யாணத்துக்குக்கூடக் கட்டியதில்லை. என் பச்சையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அதைக் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டேன். கற்பூரம் எரிந்து அடங்கியது. நாத்தனார் என் வயிற்றில் திருநீறு பூசிக்கொண்டே பேசினார்.

"அவ போகும்போது வயித்துல ஒண்ணும் இல்லாமப் போனா, பாவம். அதான் இப்ப உன் வயித்துல வந்திருக்கா. பொண்ணுதான் பொறக்கும் பாரு. அவ பேரையே வெச்சிடுவோம். நான்தானே அத்தை? நானே காதுல சொல்லிடறேன்."

 வீட்டில் அவள், கிள்ளானில் அவள், சேலையில் அவள். இப்போது என் வயிற்றுக்குள்ளும் அவள்தானா? நான் பெற்று, நான் பால் கொடுத்து, நாள் முழுக்க நான் என் வாயாலேயே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமா? என் கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, பொறக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்," என்றேன்.

"இதுல பேச என்ன இருக்கு? தம்பிக்கும் அதான் ஆசை. இல்லடா?"

 வடை நன்றாக இருக்கிறது என்றார் அவர்.

கிளம்பும்போது நாத்தனார் ஒரு ஆர்ப்பாட்டம் செய்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி காட்டுக்கும் சேற்றுக்கும் போவாளா, காற்று கறுப்பு அண்டாதா என்று வாசலில் நின்று கையை விரித்தார். நான் ஏற்கனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கடைசியில், போவதென்றால் போ, விளக்கு வைக்கிறவரை அந்தச் சேலையை மட்டும் கழற்றாதே, அவள் காவலாக இருப்பாள் என்று சொல்லி அனுப்பினார். இப்படியாக, பறவை பார்க்கக் கட்டக்கூடாத நிறத்தில், எனக்கு ஆகாதவளின் சேலையில், நான் அவளுடைய சதுப்புக்குப் புறப்பட்டேன்.

ஜெஞ்சாரோம் பக்கம் பெரிய சாலையை விட்டுத் தென்னந்தோப்பு வழியாக மண்பாதையில் போனோம்.  ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துக் குழந்தைகள் காருக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பாதை முடிகிற இடத்தில் சாய்ந்த தென்னைமரம் ஒன்று நின்றது. அங்கே காரை நிறுத்திவிட்டு, பாக்காவ் என்கிற சதுப்பு மரங்களின் வேர்களுக்கு நடுவே பலகை போட்டிருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். உப்பும் அழுகல் இலையும் கலந்த வாடை. சேற்றில் சின்னச் சின்ன மீன்கள் துடுப்பை ஊன்றித் துள்ளித் துள்ளி நடந்தன. மரங்கள் முடிந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு பளபளத்தது. கடல் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கி வரும், அதுதான் நேரம் என்று அவர் கிசுகிசுத்தார். உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக நின்று சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. நான் மரநிழலை விட்டு ஓரடி வெளியே வைத்தேன்.

அத்தனையும் எழும்பிவிட்டன. ஒன்று கத்தியது, எல்லாம் கத்தின, வானத்தில் ஒரு வளையம் போட்டுக்கொண்டு தூரத்துத் திட்டுக்குப் போய் இறங்கின. அவர் தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"சேலையப் பாத்துடுச்சு," என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அதுவரை அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது.

"அப்ப கழட்டிப் போட்டுட்டு நிக்கவா? உங்க அக்காதானே விளக்கு வெக்கிற வரைக்கும் கட்டியிருக்கணும்னாங்க? அப்ப வாயத் தொறந்தீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல வேணாம். மூத்தவங்க வந்தப்ப எல்லாம் இப்படியா ஓடிச்சு? பக்கத்துல வந்து கையில தின்னுட்டுப் போயிருக்கும். அவங்கதான் பருந்துக் கண்ணு. உங்களுக்கு முன்னாடி பாப்பாங்க. ஜோடியா முட்டி அளவு சேத்துல எறங்குவீங்க. நான் சும்மா செவப்பு சேலை கட்டிக்கிட்டுப் பறவைய வெரட்ட வந்தவ."

 அவர் சிரித்தார். சிரித்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும் என்று தெரிந்தும் அடக்க முடியாமல் சிரித்தார்.

"அவளா?" என்றார். "அவ அந்தத் தென்னமரத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லியே!"

எனக்குப் புரியவில்லை.

"மொதல் தடவ கூட்டிட்டு வந்தேன். அந்த நடக்கற மீனப் பாத்துட்டு ஒரே கத்து. மீன் நடக்கற ஊருக்கு நான் வரமாட்டேன்னுட்டா. அப்பறம் ஒவ்வொரு வருஷமும் மாட்டுவண்டியிலேயே உக்காந்து வெத்தல போட்டுட்டுத் தூங்கிடுவா. ஒரு குருவியக்கூட ஏறெடுத்துப் பாத்தது கெடையாது. திரும்பறப்ப வண்டி சேத்துல பதியும், ரெண்டு பேரும் எறங்கி நடப்போம், அவ்வளவுதான் சேறு. அக்காகிட்ட அவதான் அப்படிச் சொல்லி வெச்சா. தூங்கினேன்னு சொன்னா அக்கா ஏசுவாங்கன்னு பயம். நானும் விட்டுட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் யாரோடு போட்டி போட்டேனோ அவள் பந்தயத்துக்கே வரவில்லை. புத்தகத்தைப் பார்த்து அலகையும் காலையும் மனப்பாடம் செய்ததெல்லாம், வண்டியில் வாயைத் திறந்து தூங்கிய ஒருத்தியை ஜெயிப்பதற்காக. சந்தோஷம் வரவில்லை. மீன் நடக்கிற ஊர் என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி குழைந்ததே, அது என்னைக் கடித்தது. அவள் வரமாட்டேன் என்றாள். அதற்கே அவளை இத்தனை ஆசையாக நினைத்து வைத்திருக்கிறார். அவள் சொன்ன சின்னப் பொய்யை அவள் செத்தபிறகும் அக்காவிடம் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார். நானோ எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டி, அவள் சேலையைக்கூடக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து சேற்றோரத்தில் நிற்கிறேன். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் மரியாதை என்றால் நானும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது என்று தோன்றியது.

"எனக்கு அந்தப் பேரு வேணாம்," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது.

"பொண்ணு பொறந்தா அவங்க பேரு வெக்க மாட்டேன். சேலை கட்டச் சொன்னீங்க, கட்டிக்கிட்டேன். கும்பிடச் சொன்னீங்க, கும்பிட்டேன். எம் புள்ள எம் புள்ளயா இருக்கட்டும். நாள் பூரா நான் அந்தப் பேரச் சொல்லி, நீங்க அந்தப் பேரச் சொல்லி... என்னால முடியாதுங்க. வேற எந்தப் பேரா இருந்தாலும் சரி. நீங்களே சொல்லுங்க, ஏன்னு நான் கேக்கவே மாட்டேன். அது மட்டும் வேணாம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.  அவர் தன் காக்கிக் கோட்டைக் கழற்றி என் தோள்மேல் போட்டு, முன்பக்கம் இழுத்துப் பொத்தானும் போட்டுவிட்டார். வயிறு இருந்த இடத்தில் பொத்தான் எட்டவில்லை, அங்கே கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சிவப்பு பெரும்பாலும் மறைந்தது. வேரின்மேல் என்னை உட்கார வைத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொசு கடித்தது. 

தண்ணீர் ஏறியது. உள்ளான்கள் இரண்டு மூன்றாக வந்து இறங்கின. அவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு தூரத்துத் திட்டையே துழாவிக்கொண்டிருந்தார். நான் அழுத கண்ணைத் துடைத்தபோது, இடது பக்கம், கல்லெறி தூரத்தில், நாங்கள் இருவரும் கட்டை என்று நினைத்த ஒன்று கழுத்தைத் தூக்கியது. கெண்டி. அலகு அதன் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அதைச் சேற்றுக்குள் முழுவதும் செருகி, ஒரு நண்டை இழுத்து, உதறி, காலைப் பிய்த்துப் போட்டுவிட்டு விழுங்கியது. நான் அவர் முழங்கையைத் தொட்டேன். கையை நீட்டவில்லை, கண்ணால் காட்டினேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அது தண்ணீர் விளிம்பிலேயே நடந்து நடந்து எங்கள் எதிரில் வந்து, ஒருமுறை கூவிவிட்டு எழுந்து போகும்வரை இருவரும் அசையவில்லை.

"இத்தன வருஷம் தனியாத்தான் பாத்திருக்கேன்," என்றார்.

இதற்காகத்தானே அத்தனை மெனக்கெட்டேன்? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

"பேரு?" என்று கேட்டேன்.

"பொறக்கட்டும். பாப்போம்," என்று எழுந்தார்.

அந்தப் பார்ப்போம் என்ற சொல் எனக்கு மாசக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தது. ஆண்பிள்ளையாகப் பிறந்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டேன். நாத்தனார் ரயிலில் வரும்போதெல்லாம் என் வயிற்றோடு பேசுவார், அந்தப் பேரைச் சொல்லியே பேசுவார். ஒருநாள் கேட்கப் பொறுக்காமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் முகத்தையே ஆராய்வேன். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. மருத்துவச்சி பெண் என்று சொன்னபோது நான் அழுதேன். பெண் பிறந்ததற்கு அழுகிறாளே என்று அக்கம்பக்கத்தார் என்னைக் குறைவாகப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேர் வைக்கிற நாளில் நாத்தனார் கிள்ளானிலிருந்து காப்பும் கொலுசும் கொண்டு வந்தார். அத்தை முறைக்குப் பாய் நடுவில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார். வீடு நிறைய ஆட்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் குழந்தையின் காதுப்பக்கம் குனியும்போது என் கை தானாகப் பாயைப் பிய்க்க ஆரம்பித்தது.

"இங்க குடுக்கா," என்றார் என் கணவர்.

வாசலில் நின்றிருந்த மனிதர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அக்காவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினார். குழந்தை தூக்கிப் பழக்கமில்லை. தலை ஒரு பக்கம் சரிய, யாரோ பதறிப்போய் முட்டுக் கொடுத்தார்கள். அதன் காதருகே வாயை வைத்து மூன்று தடவை சொன்னார். ரகசியம் பேசத் தெரியாதவர், அதனால் கூடத்துக்கே கேட்டது. ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும்தான். அந்தப் பேரை அவர் வாயால் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? இந்தா, ஏய், இங்க வா, இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பேர்கள். குழந்தையின் காதில் அவர் சொன்னது என் பேர்.

"ஏண்டா!" என்று நாத்தனார் மார்பில் கை வைத்துக்கொண்டார். "பெத்தவ உசுரோட உக்காந்திருக்கா. அவ பேர மவளுக்கு வெப்பாங்களா? எங்கயாச்சும் உண்டா?"

"எனக்கு வேற எதுவும் வாயில வரலக்கா," என்றார்.

சொன்ன பேர் சொன்னதுதான், காதில் போனதை இனி வெளியே எடுக்க முடியாது என்று ஒரு பெரியவர் முடித்து வைத்தார். நான் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மூத்தவள் பேர் அந்த வீட்டை விட்டுப் போனது, என் பேர் வந்தது.

அதற்குப் பிறகு காலையிலிருந்து இரவு வரை அந்த வீட்டில் என் பேர் கேட்டபடியே இருந்தது. அதிகம் பேசாத மனிதர், அந்தப் பேரை மட்டும் பாட்டாகவே பாடினார். ஆபீஸ் விட்டு வரும்போது படலைத் திறந்ததுமே கூப்பிட ஆரம்பித்துவிடுவார். கொஞ்ச நாள் நான் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தேன். அவர் என்னைத் தாண்டித் தொட்டிலுக்குப் போவார்.